நுரைத்த கிண்ணம்

எலுமிச்சைச் சாறு கிண்ணத்தில் விழுந்ததும் நுரைத்தது. மெல்லிய சீறலோடு, வெள்ளையாக விளிம்புவரை எழும்பி, பிறகு மெதுவாக அடங்கியது. நாகேஸ்வரன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைநிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

விஜயம் கூஜாவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று அவள்தான் பழம் பிழிந்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கரைத்துக் கொண்டுவந்தாள். அவர் வழக்கமான டம்ளரை விட்டுவிட்டு, கைக்கு எட்டிய கொம்புக் கிண்ணத்தில் ஊற்றச் சொன்னார். அவளும் ஊற்றினாள்.

அது காண்டாமிருகக் கொம்பில் குடைந்த கிண்ணம் என்பது நாகேஸ்வரனின் நம்பிக்கை. மத்திய அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குச் சீன அரண்மனைப் பொருள்களின் மீது ஒரு பித்து பிடித்திருந்தது. சாலைக் கடைத்தெருவின் பின்சந்தில் பழம்பொருள் கடை வைத்திருந்த ஆறுமுகசாமியிடம் வாரந்தோறும் போய் உட்கார்ந்துவிடுவார். எழுத்து கீறிய ஆமை ஓடு, மீன்கொத்தியின் நீலச் சிறகை ஒட்டிச் செய்த கொண்டையூசி, கொக்கின் கால் எலும்பில் துளையிட்ட ஊதுகுழல் என்று ஒவ்வொன்றாக ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் இருந்த அவர் வீட்டின் முன்னறைக் கண்ணாடி அலமாரிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றோடும் ஒரு கதையும் வந்தது.

கிண்ணத்தின் கதையை விஜயம் பலமுறை கேட்டிருக்கிறாள். சக்கரவர்த்திகள் இதில்தான் மது அருந்துவார்களாம். விஷம் பட்டால் அந்தக் கொம்பு பொறுக்காதாம், நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடுமாம். அப்படித்தான் ஓர் இளைய ராணி அகப்பட்டாளாம். அவள் கொண்டுவந்த மது நுரைத்ததும் சக்கரவர்த்தி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையாம். கிண்ணத்தை அவளிடமே நீட்டினாராம்.

நாகேஸ்வரன் கிண்ணத்தை விஜயத்திடம் நீட்டினார்.

"நீ குடி."

"என்ன விளையாட்டு இது? இப்பத்தான் உள்ள ஒரு டம்ளர் குடிச்சுட்டு வரேன். இதே கூஜாலேந்துதான்."

"இதுலேந்து குடி."

அவர் கிண்ணத்தை இன்னும் கிட்டே நீட்டினார். விளையாட்டு இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு கணம் அவள் கால்கள் பின்வாங்கப் பார்த்தன. பிறகு கிண்ணத்தை வாங்கி, அவர் கண்ணெதிரேயே கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அடியில் ஏதோ பல்லில் நறநறத்தது. கரையாத சர்க்கரை என்று நினைத்து விழுங்கினாள். அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் ஆகவில்லை. அவர் கிண்ணத்தைப் பறித்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். போகும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அவள் காதில் விழுந்தது.

"மெதுவா வேலை செய்யற விஷமா இருக்கும்."

அவருக்குச் சில மாதங்களாகவே உடம்பு சரியில்லை. வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி. எதைச் சாப்பிட்டாலும் நாக்கில் ஓர் உலோகச் சுவை. சாம்பார் பித்தளை மாதிரி இருக்கிறது, மோர் செம்புக்காசு மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளுவார். இரண்டு மருத்துவர்கள் பார்த்து, வாயுவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். முன்பு குரல் உயர்த்தாத மனிதர் இப்போது கதவு சற்றுப் பலமாகச் சாத்தினாலே எரிந்து விழுந்தார். வயசு, வியாதி என்று விஜயம் பொறுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகுதான், அவர் தன் சமையலைக் குறை சொன்னதெல்லாம் சுவையைப் பற்றியதே இல்லை என்று அவளுக்கு உறைத்தது.

மறுநாளிலிருந்து அவர் வீட்டில் சாப்பிடவில்லை. பேக்கரி பன்னும் வாழைப்பழமும் இளநீரும்தான். தண்ணீரைக்கூடக் குழாயிலிருந்து தானே பிடித்துவந்து அறைக்குள் வைத்துப் பூட்டினார். முன்னறையில் இருந்த சீனப் பொருள்களையும் தன் அறைக்கு மாற்றிக்கொண்டார். விஜயம் இரண்டு வேளையும் சமைத்து, அவர் தட்டைப் போட்டுக் காத்திருந்து, தனியாகச் சாப்பிட்டாள். சோறு இறங்கவில்லை. அக்ரஹாரத்து வீடுகளுக்கு நடுவில் ஒற்றைச் சுவர்தான், அடுத்த வீட்டுச் சிவகாமியம்மாளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவள் வாசலில் வைத்து, மாமா ஏன் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறார் என்று கேட்டபோது, பல்வலி என்று விஜயம் பொய் சொன்னாள்.

அவள் கையால் ஒரு வாய் சாப்பிடாமலே அவருக்கு வலி கூடியது. தன் மேல் தப்பில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று முதலில் நினைத்தாள். ஆனால் அவர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். குழாயில், போர்வையில், சோப்பில் அவள் எதையோ தடவுகிறாள் என்று மகளுக்குப் போன் செய்து சொன்னார்.

ஒரு காலை அவர் அறைக்குள்ளிருந்து அலறல் கேட்டது. கதவைத் தட்டியதும் எப்படியோ நகர்ந்து வந்து தாழை நீக்கிய அவர் முழங்காலை வயிற்றோடு மடக்கித் தரையில் கிடந்தார். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே துவண்டு தொங்கியது, தூக்க முடியவில்லை. சிவகாமியம்மாளின் மருமகன் ஆட்டோவை நிறுத்தினார். நாகேஸ்வரன் அவரையே அறையைப் பூட்டச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். விஜயம் கை கொடுத்தபோது நாகேஸ்வரன் அந்தக் கையைத் தட்டிவிட்டு, ஆட்டோக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்மிதா அவர் உதட்டை விலக்கிப் பார்த்து, ஈறு ஓரத்தில் ஓடிய நீலக் கோட்டை உதவியாளரிடம் காட்டினார். ரத்தம் எடுத்து வெளியே பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது டாக்டர் விஜயத்தைத் தனியே அழைத்து, பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக விளக்கினார். ரத்தத்தில் காரீயம் ஏறியிருக்கிறது. ஒரே நாளில் ஏறியதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. காரீயத்தை வெளியேற்றும் மருந்தை ஆரம்பித்தாகிவிட்டது. மனைவி விஷம் வைக்கிறாள் என்று நோயாளியே எழுதிக் கொடுக்கத் தயாராக இருப்பதால் போலீசுக்குத் தெரிவிக்காமல் இருக்க முடியாது.

அப்படியென்றால் விஷம் இருந்தது உண்மை. அவர் உளறவில்லை. விஜயம் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மகள் விஷ்ணுப்ரியாவுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அங்கேயே ஃபிளாட்டில் குடித்தனம். லீவு போட்டுவிட்டு வந்து அப்பாவோடு தங்கினாள். அவர் மகளை மட்டும்தான் கட்டிலருகே விட்டார். இரண்டாம் நாள் அவள் அம்மாவை வராந்தாவின் கோடிக்கு அழைத்துப் போனாள். துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, கோச்சுக்காதே. அப்பாவோட கோவம் குறையணும், தூக்கம் வரணும்னு யாராவது சொல்லி, ஏதாவது நாட்டுமருந்து கலந்து குடுத்தியா?"

"அப்பா கேக்கச் சொன்னாரா?"

"இல்லம்மா. நான்தான் கேக்கறேன்."

புருஷன் கிண்ணத்தை நீட்டியபோது விஜயத்துக்கு வந்தது பயம். இப்போது வந்தது வேறு. பெற்ற பெண்ணின் முகத்தில், இல்லை என்று சொல்லிவிடேன் என்ற கெஞ்சலைப் பார்த்தபோது, நெஞ்சுக்குள் ஏதோ அறுந்துபோனது போல இருந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் ரெம்யா வந்தது அன்று பிற்பகல்தான். பாறசாலைப் பக்கத்துக்காரி, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள். கூட வந்த போலீஸ்காரர் மிளகாய்ப்பொடி, மஞ்சள்பொடி, புளி, எண்ணெய் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் பையில் போட்டார். ரெம்யாவின் கண் அடுப்படியில் இருந்த ஈயச்சொம்பில் நின்றது. விஜயம் கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தினமும் ரசம் அதில்தான் கொதிக்கும். அது வெள்ளீயம், ஆனால் சில கடைகளில் காரீயத்தைக் கலந்துவிடுவார்கள் என்று பேச்சு உண்டு. அவள் கையாலேயே, அவளுக்கே தெரியாமல், இத்தனை வருஷம் அவருக்கு விஷத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்திருக்கிறாளோ? ரெம்யா சொம்பையும் எடுத்துக்கொண்டாள். விஜயத்தின் ரத்தத்தையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்தாள்.

அந்த முடிவு வந்ததும் ரெம்யா திரும்பவும் வந்தாள். இந்த முறை கூடத்தில் உட்காராமல் நின்றபடியே பேசினாள்.

"அம்மா, உள்ளத உள்ளபடியே சொல்லணும், கேட்டியளா. ரெண்டு பேரும் ஒரே சொம்பு ரசம்தான் குடிச்சியள்னா, உங்க ரத்தத்துலயும் காரீயம் வந்திருக்கணும். உங்களுக்கு ஒண்ணும் இல்ல. சொம்புலயும் இல்ல, பொடியிலயும் இல்ல. அப்போ அவருக்கு மட்டும் எங்க இருந்து வந்துது?"

விஜயத்துக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. ரெம்யா குரலை உயர்த்தவில்லை. நாளை ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும், மகளைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம், அதுவரை ஊரை விட்டுப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். நாகேஸ்வரனே கொடுத்தனுப்பியது. அறையில் ஒரு கிண்ணம் இருக்கிறது, அதைப் பரிசோதித்தால் எல்லாம் வெளியே வரும் என்று சொல்லியிருந்தாராம்.

அறையைத் திறந்ததும் கர்ப்பூரமும் பழைய மரமும் கலந்த ஒரு வாடை வந்தது. ரெம்யா ஆமையோட்டையும் நீலச் சிறகையும் எலும்புக் குழலையும் பார்த்துக்கொண்டே வந்து, கிண்ணத்தின் முன் நின்றாள். விஜயம் அன்று நடந்ததைச் சொன்னாள். இளைய ராணியின் கதையையும் சொன்னாள். தான் அதை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்ததையும் சொன்னாள்.

ரெம்யா கையுறை மாட்டிக்கொண்டு கிண்ணத்தைச் சாய்த்தாள். உள்ளே தாமரைத் தண்டு செதுக்கியிருந்த பள்ளங்களில் ஏதோ வெள்ளையாகக் காய்ந்து அப்பியிருந்தது. விஜயம் குனிந்து பார்த்தாள். அந்தக் கிண்ணத்தைத் தேய்க்கக்கூட அவர் அவளை விட்டதில்லை. காலையில் தானே கதவைச் சாத்திக்கொண்டு துடைப்பார். அன்று பல்லில் நறநறத்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. சர்க்கரையைத்தான் அவள் அடுப்படியிலேயே நன்றாகக் கரைத்திருந்தாளே.

"எனக்கு ஒரு எலுமிச்சம்பழம் வேணும்" என்றாள்.

ரெம்யா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு அடுப்படிவரை கூடவே வந்தாள். கூடையிலிருந்து பழத்தை எடுத்தது ரெம்யாதான், நறுக்கியதும் அவள்தான். விஜயம் எதையும் தொடவில்லை. இருவரும் அறைக்குத் திரும்பினார்கள். ரெம்யா அரை மூடியைக் கிண்ணத்துக்கு மேல் பிழிந்தாள்.

சீறிக்கொண்டு நுரை எழும்பியது.

பிறகு ரெம்யா, சுண்ணாம்பு மாதிரி எதன் மேலேயாவது புளிப்பு பட்டால் இப்படிப் பொங்கும் என்று மெதுவாகச் சொன்னாள். உங்கள் பழத்தில் தப்பில்லை, கிண்ணத்தில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி என்றாள்.

போலீஸ்காரரும் சேர்ந்து அறையைத் தேடினார். கட்டிலுக்கு அடியில், செருப்புப் பெட்டிக்குப் பின்னால், மூடியிட்ட ஒரு பீங்கான் பரணி கிடைத்தது. மேலே சுருண்டு நெளியும் ஒரு பறக்கும் நாகத்தின் படம். உள்ளே சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி, அதில் நொறுங்காத எலும்புத் துண்டுகள் சில. விஜயம் அதற்கு முன் அந்தப் பரணியைப் பார்த்ததே இல்லை.

ரெம்யா ஆறுமுகசாமிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை, மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. அது டிராகன் எலும்பு, அரண்மனை வைத்தியர்கள் சக்கரவர்த்திகளுக்கு இழைத்துக் கொடுத்தது, தூக்கத்துக்கும் மனக்கலக்கத்துக்கும் அதைவிட நல்ல மருந்து கிடையாது என்றார். சார் ரொம்ப நாளாக விடியற்காலையில் அந்தக் கொம்புக் கிண்ணத்திலேயே கரைத்துச் சாப்பிட்டு வருகிறார். வீட்டில் சொன்னால் பலிக்காது என்பதால் சொல்லியிருக்க மாட்டார். வீட்டில் யாரோ விஷம் வைப்பதாகச் சார் வந்து அழுதபோது, விஷமுறிவுக்கும் இதுதான், அளவை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள் என்று தானே சொன்னதாகவும் சொன்னார்.

"பாவம், படுத்துட்டாரே. நேத்துகூட ஆசுபத்திரிக்கு ஒரு பொட்டலம் கொண்டு போய் மக கையில குடுத்துட்டு வந்தேன்."

விஜயம் தன் போனை எடுத்தாள். அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போய்விட்டது. இரண்டாவது தடவை விஷ்ணுப்ரியா எடுத்தாள்.

"விஷ்ணு, அப்பாவுக்கு ஏதாவது பொடி குடுத்தியா?"

"நேத்து சாயங்காலம் குடுத்தேன். இப்போ வெந்நீர்ல கரைச்சு வெச்சிருக்கேன். உனக்கு யார் சொன்னா?"

"குடுக்காதே. கீழ கொட்டு."

"அம்மா, அது அப்பாவோட மருந்து. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னார்."

பின்னாலிருந்து நாகேஸ்வரனின் குரல் கேட்டது. யாரு, அவளா, என்று கேட்டார். அந்த டம்ளரை இப்படிக் கொடு என்று அதட்டினார். விஜயம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"விஷ்ணு, அதுலதான் காரீயம் இருக்கு. என்னை நம்பு. இந்த ஒரு தடவை நம்பு."

ஏதோ உரசும் சத்தம் கேட்டது, நாகேஸ்வரன் சத்தமாக என்னவோ சொன்னார், தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தும் மகள் எடுக்கவில்லை. ரெம்யா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வார்டைக் கேட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பரணியைப் பையில் போட்டு, விஜயத்தை ஜீப்பில் ஏற்றினாள். கிழக்கேகோட்டையில் பஸ்கள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. தம்பானூர்ப் பாலம் ஏறும்போது விஜயம் தன் முந்தானை முழுவதையும் கைக்குள் சுருட்டி நெரித்துக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். அவர் செத்துப்போனால் அந்த டம்ளரை நீட்டியது தன் பெண்ணாக இருக்கும். அது ஒன்றுதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வார்டுக்குள் நாகேஸ்வரன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். ஒரு நர்ஸ் அவர் தோளைப் பிடித்திருந்தாள். விஷ்ணுப்ரியா கைகழுவும் தொட்டியருகே நின்றாள். டம்ளர் காலியாக இருந்தது, தொட்டி முழுக்க வெள்ளைக் கோடுகள்.

"கொட்டிட்டேன்" என்றாள். பிறகு, "நேத்து குடுத்தேனே அம்மா" என்று சொல்லி, டம்ளரைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்தாள். விஜயம் போய் அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்த வராந்தாக் கேள்வி அவளுக்குள் இன்னும் வலித்தது. ஆனாலும் அணைக்காமல் இருக்க முடியவில்லை.

பொடியில் காரீயம் ஏராளமாக இருந்தது. ஏதோ பழைய மிருக எலும்பு, இழைத்த இடத்திலோ கலந்த இடத்திலோ விஷம் சேர்ந்திருக்கிறது என்று அறிக்கை வந்தது. ஆறுமுகசாமியைப் பிடித்து விசாரித்தபோது அவரும் தினமும் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. கடையை மூடி, அவரையும் அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காண்டாமிருகக் கொம்பு வைத்திருப்பது குற்றம் என்பதால் கிண்ணம் வனத்துறைக்குப் போனது. அது வெறும் எருமைக்கொம்பு என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ரெம்யா ஈயச்சொம்பைத் தானே கொண்டுவந்து கொடுத்து, காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

நாகேஸ்வரன் தேறினார். வலி விட்டது, கை மெல்ல மெல்லத் தூக்க வந்தது. விஜயம் தினமும் தயிர்சாதம் கொண்டு போனாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சாப்பிட்டார். வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய மத்தியானம், பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தவளிடம் பேச்செடுத்தார்.

"அன்னிக்கு உன்கிட்ட கிண்ணத்தை நீட்டினேன்."

"ஆமாம்."

"காரீயம் புத்தியையும் கெடுக்கும்னு டாக்டர் சொன்னா."

"என்கிட்டயும் சொன்னா. நம்பறேன்." அவள் கூடையில் பாத்திரத்தை வைத்தாள். "நுரையில விஷம் இல்லைன்னா நான் குடிச்சுப் பொழைச்சுப்பேன், விஷம் இருந்தா நான் செத்துப்போவேன். ரெண்டுல எது நடந்தாலும் பரவாயில்லைன்னு அன்னிக்கு உங்களுக்கு இருந்துது. அதுதான் எனக்கு இன்னும் போகலை."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியதை அவள் பார்த்தாள். பக்கத்தில் போகவில்லை.

அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டு, விஷ்ணுப்ரியாவை ஒரு மாதம் வந்து இருக்கச் சொல்லிவிட்டு, விஜயம் திருநெல்வேலியில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். யாரும் தடுக்கவில்லை. நாகேஸ்வரன் பிடிவாதமாக ரயில் ஸ்டேஷனுக்கு வந்தார். இன்னும் பலம் வராத கையால் அவள் பையைத் தூக்க முயன்று முடியாமல், மகளிடம் கொடுத்துவிட்டு, பிளாட்பாரத்தில் ஜன்னலோரமாக வந்து நின்றார்.

"எப்போ வருவே?"

"தெரியலை. வரணும்னு தோணினா வரேன்."

அவர் தலையாட்டினார். ரயில் நகர்ந்தது. அவர் கூடவே கொஞ்ச தூரம் நடந்துவந்து, மூச்சு வாங்கி நின்றுவிட்டார்.

நேமம் தாண்டியதும் விஜயத்துக்குப் பசித்தது. பல வாரங்களாக அவளுக்குப் பசித்ததே இல்லை. மகள் கட்டிக்கொடுத்திருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, மிளகாய்ப்பொடி ஒட்டிய விரலை நக்கியபடி, நெய்யாற்றின்கரை வரும்வரை நிதானமாகச் சாப்பிட்டாள்.